மன்றாட்டுத் தாளின் கடைசி வரி

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான், இடது முழங்காலைத் தவிர. உன் தம்பி வீட்டில் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். அப்பாவின் கல்லறைச் சிலுவைக்கு வெள்ளையடித்தாயிற்று, அடித்தவன் பக்கத்துப் புல்லையும் சேர்த்து வெள்ளையாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதத்துக்கு முன் போனில் நீ, "வாய்தான்மா சொல்லுது, மனசு கல்லா கிடக்கு, அதான் கோயிலுக்குப் போறத நிறுத்திட்டேன்" என்றாய். பதிலுக்கு நான் ஆறு பக்கம் எழுதினேன். உன்னைப் போல ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிற நர்ஸுக்குக் கால் களைக்கலாம், விசுவாசம் களைக்கக் கூடாது என்று. அதைக் கிழித்துப் போடு. அதில் எழுத்துப் பிழை இல்லை, அதைத் தவிர வேறு நல்லது ஒன்றும் இல்லை.

ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பது நான்தான் என்பது உனக்குத் தெரியும். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கும், கன்னியாஸ்திரிகள் பிரம்போடு பழக்கிய குரல். பதினொரு வரி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். அதில் நான்காவது வரி, நம் தையற்காரரின் மனைவி நோய் நீங்கிச் சுகம் பெற வேண்டும் என்பது. அந்தப் பெண் இறந்துபோனாள். அடக்கத்துக்கு நான் போனேன், பாட்டுகளைத் தேர்ந்தெடுத்ததே நான்தான், குழியில் மண்ணும் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் சுகம் பெற வேண்டும் என்று அழுத்தம் திருத்தமாக வாசித்திருக்கிறேன். கோயில் முழுக்க, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொன்னது. ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் வாசலில் ஒரு அம்மாள், என்ன உச்சரிப்பு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற தையற்காரர் மெதுவாகச் சொன்னார்: "மூணு வாரமா பாத்துக்கிட்டிருந்தேம்மா, யாராச்சும் கவனிப்பாங்களான்னு. நீங்க நல்லாத்தான் வாசிச்சீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தாளை மாற்றாதது கோயில் கிளார்க்கின் தவறு என்றேன். தாள் என் கைப்பையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன், முன்னால் எண் இல்லாத பூஜ்யங்கள் போல வார்த்தைகள் வரிசையாக வந்தன, ஒன்றுக்கும் மதிப்பில்லை. எத்தனை வருடமாக இப்படி என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. உன் அப்பா ஒருமுறை, "நீ ஜெபம் பண்றியா, ஆஜர் எடுக்குறியா?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தையற்காரர் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, சும்மா நின்றேன். மிஷினை நிறுத்தாமல், "அந்த ஸ்டூல் அவளோடது, உக்காந்தா பட்டன் தைக்கணும், அது அவ போட்ட சட்டம்" என்றார். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஆறு சட்டைக்குத் தைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப இறுக்கிட்டீங்கம்மா, காஜா ஓட்டையில ஏறாது" என்று அத்தனையையும் பிரித்துவிட்டார். அவள் கடைசி வாரம் என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். சுகத்தைக் கேட்கவில்லையாம். "வலி இல்லாம ஒரு மத்தியானம் தூங்கணும், அவ்ளோதான் கேட்டா" என்றார். நாங்கள் அதை ஒரு நாளும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஒரு விதி வைத்தேன், நேரில் பார்க்காதவருக்காக வாயைத் திறப்பதில்லை. தாளில் மீதி இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் படியேறினேன். அச்சகக்காரர் கதவைத் திறந்ததும், "ஆபரேஷன் முடிஞ்சு வருஷம் ஒண்ணாச்சு, இன்னும் என்னைய படுக்கையிலயே போட்டு வெச்சிருக்கீங்களே!" என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு. இதனால் மனது உருகிவிட்டது என்று நினைக்காதே. கல் கல்லாகத்தான் இருக்கிறது. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நீ உள்ளதைச் சொன்னாய், அதில் நீ என்னைவிட மேல். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய், அது சரியில்லை.

கடைசி வரி உன்னுடையது. தொலைவில் வாழும் பிள்ளைகளுக்காக என்று பொதுவாக எழுதி, ஆறு வருடமாக உன்னை நினைத்துத்தான் வாசித்தேன். உனக்கு என்ன கேட்டேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. உன் வீட்டுப் படி வரை என் முழங்கால் வராது. அதனால் நீ எழுது. சாப்பிட்டேன் தூங்கினேன் என்று எழுதாதே, நான் என்ன கேட்க வேண்டும் என்று எழுது. அதுவரை அந்த வரி வந்ததும் வாசிக்காமல் நிற்பேன். சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். "எத்தனை வாரம்மா நிப்பீங்க?" என்றார். கடிதம் வருகிறவரை என்றேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக வைத்துக்கொள், ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. மறக்காதே, போனில் சொல்லாதே, எழுது. போனில் நீ நன்றாகப் பொய் சொல்வாய், என் வளர்ப்பு.

இந்த ஞாயிறும் நிற்கப் போகும்,
உன் அம்மா