நடுக்கதவு

டெரெக்,

நேற்றைய கோழி சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துக் குடி.

உன் கம்ப்யூட்டருக்கு வேகமான ப்ராசஸரையே வாங்கச் சொன்னேன். "இதையே ஓவர்க்ளாக் பண்ணி வேகமா ஓட்டிக்கலாம், சூட்டைத் தணிக்க நம்ம டுலூத் ஊர்க் குளிர் சும்மாதானே கெடைக்குது" என்று சிரித்தாய். இன்று காலை அது சூடேறாமலிருக்க ஜன்னலைத் திறந்துவைத்தாய். அந்த வேகத்தை அது தாங்குமா என்ற சோதனையை ஓடவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். நடுக்கதவைச் சாத்தவில்லை. அடுத்த அறையில்தான் லினியாவின் தொட்டில்.

நான் எழுந்து பார்த்தபோது குழந்தை அழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சோடு வைத்துத் தேய்த்துத் தேய்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

டாக்டரிடம் காட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். நீ வர வேண்டாம். என் சாவி மேசைமேல்.

பிரிட்டா

பி.கு: உன் சோதனை முடிந்துவிட்டது. 'பிழை எதுவும் இல்லை' என்று திரையில் வந்திருக்கிறது.