லில்லிராணி என்ற பெயரை எனக்கு விற்றவர் மீது

அனுப்புநர்
சௌதா பீவி,
க/பெ அசன் முகம்மது,
சௌதா நைட்டீஸ்,
பஞ்சு மார்க்கெட் பின்புறம்,
ராஜபாளையம்.

பெறுநர்
காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ராஜபாளையம்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: பிரபல கம்பெனியின் பெயர் சேர்ந்த இன்டர்நெட் முகவரியை எனக்கு விற்றது, அதை விட்டுக்கொடுக்க விடாமல் தன்வசம் வைத்திருப்பது, அதன் வழியே என் வீட்டு விலாசத்தில் பொய்யான வேலை அறிவிப்பு வெளியிட்டது ஆகியவை குறித்து விசாரித்து நடவடிக்கை எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் மேற்கண்ட விலாசத்தில் நைட்டி தைத்து மொத்த விலைக்குக் கொடுத்து வருகிறோம். துணி வெட்டுவது அவர், தைப்பதை மேற்பார்வையிடுவது நான். எங்கள் சரக்கு தென்காசி, கோவில்பட்டி வரை போகிறது. கொழும்பிலும் துபாயிலும் வாங்குபவர்கள் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. அதை ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. தொழில் செய்பவர் எல்லோருக்கும் உள்ள எண்ணம்தான்.

2. எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் திரு. ராக்கப்பன் என்பவர் சென்ற சித்திரை மாதம் எங்களிடம் வந்தார். உலகத்தில் எங்கிருந்தும் எங்களைத் தேடிப் பிடிக்க இன்டர்நெட்டில் ஒரு பெயர் வாங்க வேண்டும் என்றார். எங்கள் கடைப் பெயரிலேயே வாங்கித் தரும்படி கேட்டேன். அதற்கு அவர், “ஒங்க பேருல வாங்குனா எவன்க்கா தேடுவான்? லில்லிராணின்னு போட்டு ஊர்ப் பேரையும் சேத்துருவோம். தேடுறவன் நேரா ஒங்க வாசல்ல வந்து நிப்பான்” என்றார்.

லில்லிராணி என்பது மும்பையில் உள்ள பெரிய நைட்டிக் கம்பெனியின் பெயர் என்பதைத் தாங்களும் அறிந்திருக்கலாம். அந்தப் பெயர் போட்ட பெட்டி இல்லாத ஜவுளிக்கடை இந்த ஜில்லாவில் கிடையாது. அது அடுத்தவர் பெயராயிற்றே என்று கேட்டேன். “காலி மனை மாதிரிக் கெடக்கு. அவுக வாங்கிப் போடல. மொதல்ல யாரு வேலி போடுதாகளோ அவுகளுக்குத்தான்” என்று சொன்னார். என் கணவர் அன்றைக்கே சம்மதித்துவிட்டார். அவர் எதற்கும் அப்படித்தான். இரண்டு நாள் யோசித்த பின் நானும் சம்மதித்தேன். ‘லில்லிராணி ராஜபாளையம் டாட் காம்’ என்ற பெயர் இப்படித்தான் எங்களுடையது ஆயிற்று. ஆனதாக நினைத்தோம் என்பதே சரி.

3. அந்தப் பெயரைப் பார்த்து முதலில் வந்த கடிதம் கொழும்பு வியாபாரி ஒருவருடையது. லில்லிராணி கம்பெனியின் புது டிசைன்களை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். நாங்கள் அந்தக் கம்பெனி அல்ல, எங்கள் தையல் வேறு என்று உண்மையை எழுதினேன். மறு கடிதத்தில் அவர், அப்படியானால் வாசலில் ஏன் இன்னொருவர் போர்டை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். எனக்கு அது சுருக்கென்று பட்டது. என் தையலைக் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மாலையே ராக்கப்பனிடம் போய் அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஆகட்டும் என்றார். எடுக்கவில்லை.

4. ஆடி மாதம் அந்தக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு திருவில்லிபுத்தூரில் வழக்கறிஞராக இருக்கும் திருமதி கிருபாபாய் அவர்களிடம் போனேன். அவர் படித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஊர்ப் பேரைச் சேத்துட்டா அது வேற பேரு ஆயிராதுக்கா. படிக்கிறவுக லில்லிராணிக்கு ராஜபாளையத்துல ஒரு கிளை இருக்குன்னுதான் நினைப்பாக. மொதல்ல வாங்குனவனுக்குச் சொந்தங்கிறது மனைக்குச் சரி. ஊரெல்லாம் தெரிஞ்ச பேருக்கு அது செல்லாது.”

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கம்பெனியோடு சண்டை போடும் எண்ணமும் இல்லை. பெயரை எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். கம்பெனியும் மரியாதையாகவே பதில் எழுதியது. பெயரைத் தங்கள் வசம் மாற்றிக் கொடுத்தால் போதும், என் மீது வழக்கு இல்லை என்று அதில் கண்டிருக்கிறது. (நகல் இணைப்பு.)

5. மாற்றிக் கொடுக்கப் போனபோதுதான், அந்தப் பெயர் என் பேரில் பதிவாகவே இல்லை என்பது தெரிந்தது. ராக்கப்பன் அதைத் தன் பேரிலேயே பதிந்து, திறக்கும் ரகசியச் சொல்லையும் தானே வைத்திருக்கிறார். அந்தப் பெயரில் திறக்கும் இன்டர்நெட் பக்கத்தில் போட்டிருக்கும் விலாசமும் தொலைபேசி எண்ணும் மட்டுமே என்னுடையவை. நோட்டீஸ் வந்த விவரத்தைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. “நோட்டீஸ் வருதுன்னா அவுகளுக்கு அந்தப் பேரு வேணும்னுதானே அர்த்தம்? வெல ஏறுதுக்கா. செத்தப் பொறுங்க, பம்பாய்க்காரனே கார் போட்டு வருவான்” என்றார்.

6. கம்பெனி அவருக்கும் தனியாக எழுதியது. விலை ஏதும் பேசவில்லை, ஒப்படைக்க மட்டும் சொன்னது. அதன் பிறகு அவர் செய்த காரியமே இம்மனுவுக்கு நேரடிக் காரணம். லில்லிராணி கம்பெனி ராஜபாளையத்தில் கிளை திறக்கப் போவதாகவும், தைக்கத் தெரிந்த பெண்களுக்கு நிரந்தர வேலை என்றும் அந்தப் பக்கத்தில் போட்டார். அதைக் கலரில் அச்செடுத்துச் சுற்று வட்டாரத்துப் பெண்களிடம் காட்டிப் பதிவுக் கட்டணம் வாங்கினார். அந்தத் தாளிலும் என் வீட்டு விலாசம்தான்.

7. சென்ற வெள்ளிக்கிழமை காலை சேத்தூரைச் சேர்ந்த திருமதி கருத்தம்மாள் என்பவர், தன் ஊர்ப் பெண்கள் இருவருடன் பஸ் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் அந்தத் தாளும், கத்தரியும் நூலும் வைத்த ஒரு டப்பாவும் இருந்தன. “மேனேஜர் வந்துட்டாகளா?” என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இது அந்தக் கம்பெனி இல்லை, கிளையும் கிடையாது என்று சொன்னேன். உடன் வந்தவர்கள் அழுதார்கள். கருத்தம்மாள் அழவில்லை. ஸ்பின்னிங் மில்லில் பார்த்த வேலையை முந்தின நாள்தான் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு தாளை என் முன்னால் விரித்து, “இதுல ஒங்க வீட்டு நம்பர்தான போட்டிருக்கு? ஒங்ககிட்டக் கேக்காம பொறவு நான் யார்ட்டப் போயிக் கேக்க?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். பதில் சொல்ல வேண்டியவர் வேறு ஆள். ஆனால் கேள்வி வந்து நின்றது என் வீட்டில். என் பிள்ளைகளும் தையல் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த மூன்று பேர் கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

8. கருத்தம்மாளை அழைத்துக்கொண்டு அப்போதே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து அந்த அறிவிப்பை நீக்கும்படி கேட்டேன். ராக்கப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை. “தாள்ல விலாசம் ஒங்களுது, போன் நம்பர் ஒங்களுது. போலீசுக்குப் போனீகன்னா மொதல்ல ஒங்களத்தான் கூப்பிட்டுக் கேப்பாக” என்றார். கருத்தம்மாள் அவரைப் பார்த்து, “அவுகளக் கேட்டா அவுக சொல்லுவாக. ஒன்னயக் கேட்டா நீ என்ன சொல்லுவ? அதச் சொல்லு” என்றார்.

9. என்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்று அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆகவே தாங்கள் கூப்பிடும் வரை காத்திராமல் நானே வந்திருக்கிறேன். இது எந்த எல்லைக்குள் வரும் என்ற கேள்வி எழுந்தால், அதற்கும் என் கருத்தைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். அந்தப் பெயர் அமெரிக்காவில் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் தாள் அச்சானதும் கட்டணம் கைமாறியதும் ராஜபாளையத்தில்தான்.

10. இந்த ஊரில் இவரிடம் பெயர் வாங்கியது நான் மட்டுமில்லை. சைக்கிள் கம்பெனி பெயர் சேர்த்து ஒருவரும், கைக்கடிகாரக் கம்பெனி பெயர் சேர்த்து ஒருவரும் வாங்கியிருக்கிறார்கள். இருவரும் எனக்குப் பழக்கமானவர்கள். நல்ல மனை கிடைத்தது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பெரிய கம்பெனியின் பெயர் சேர்ந்த முகவரியை வாங்கினால் ஆள் வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் நம்மைத் தேடி வருவதில்லை. வேறொருவரை நம்பி வருகிறார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் வாசலில் பார்த்தேன்.

11. எனவே தாங்கள்,

அ) திரு. ராக்கப்பனை விசாரித்து, பொய்யான வேலை அறிவிப்பை உடனே நீக்கச் செய்யவும்,

ஆ) அந்தப் பெயரை உரிய கம்பெனியிடம் அவர் ஒப்படைக்கச் செய்யவும்,

இ) கட்டணம் கொடுத்த பெண்கள் அனைவருக்கும் அது திரும்பக் கிடைக்க ஆவன செய்யவும்,

ஈ) இவ்வகைப் பெயர்களை வாங்கும் முன் யோசிக்கும்படி வியாபாரிகள் சங்கத்தின் மூலம் எச்சரிக்கை வெளியிடவும்

வேண்டுகிறேன்.

12. கருத்தம்மாளை மில்லில் திரும்ப எடுக்கவில்லை. சனிக்கிழமை முதல் எங்களிடம் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் வேலை பார்க்கிறார். இரக்கப்பட்டு நான் வைத்துக்கொண்டதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். அவருடைய தையல் நேர்த்தியானது. தாமும் இம்மனுவில் கையெழுத்திட வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டதால் கீழே இட்டிருக்கிறார். எங்கள் இருவரையும் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிறோம். ராக்கப்பனையும் எதிரில் நிறுத்தி விசாரித்தால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த எதையும் இதில் மறைக்கவில்லை என்பதால் பயமும் இல்லை.

தங்கள் விசாரணையை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) சௌதா பீவி
(ஒப்பம்) கருத்தம்மாள், சேத்தூர்

இடம்: ராஜபாளையம்
நாள்: 22.11.1999

இணைப்பு: கம்பெனியின் நோட்டீஸ், என் பதில், கம்பெனியின் மறு கடிதம், அச்சடித்த வேலை அறிவிப்பு.

நகல்:
வழக்கறிஞர் திருமதி கிருபாபாய், திருவில்லிபுத்தூர் — தகவலுக்காக.
திரு. ராக்கப்பன், கம்ப்யூட்டர் சென்டர், ராஜபாளையம் — இன்று மாலை நாங்கள் இருவரும் நேரில் போய்க் கொடுக்கிறோம்.