பழைய மணியோட ஊசி அட்டை

செவ்வாய் ராத்திரி, ஹந்தானை

இன்னைக்கு எங்க நாய் மணி பக்கத்து வீட்டுப் பிள்ளையோட காலைக் கடிச்சிருச்சு. "வெறிநாய் ஊசி போட்டிருக்கா?"ன்னு அவ அம்மா செல்வி அக்கா பதறிப்போய்க் கேட்டாங்க. நான் அட்டையைக் காட்டினேன். மணின்னு பேரைப் பார்த்ததும், "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்ல"ன்னு போயிட்டாங்க.

அது போன வருசம் செத்துப்போன நாயோட அட்டை. அதே பேரைத்தான் இந்தக் குட்டிக்கும் வச்சோம். லயத்து வீட்டு நாய்களுக்கு இலவச ஊசி போட வந்த அன்னைக்கு இது தேயிலைக்குள்ள ஓடிருச்சு. டவுன்ல காசு கொடுத்து எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன்.

வெறி பிடிச்ச நாய் தண்ணி குடிக்காதுன்னு சொல்வாங்களேன்னு மூணு தடவை தண்ணி வச்சுப் பார்த்தேன். குடிக்குது. அதை நம்பி எப்படித் தூங்குறது? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேக்குது.

அட்டையைக் கையில எடுத்துட்டேன். போய்க் கதவைத் தட்டணும்.