நீ சொன்ன இடத்தில் மேகங்கள் மோதியிருக்கின்றன

என் வசந்தி அக்காவுக்கு,

படம் வந்துவிட்டது. நீ பார்க்கத் தவித்து, பார்க்காமலே போன அந்தத் தொலைநோக்கிப் படம்.

ஈப்போ மருத்துவமனையில் கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதும் நீ விடவில்லை. "ரெண்டு வாயு மேகமும் மோதியிருக்குடி. மோதுன இடத்துல காந்தப்புலம் வளைஞ்சிருக்கும், பாரு" என்றாய். கணினியில் நீ ஓட்டிப் பார்த்த கணக்கு அப்படித்தான் சொன்னது. நான் நம்பவில்லை. ஒன்று முன்னாலும் மற்றொன்று வெகு பின்னாலும் இருந்தாலும், இங்கிருந்து பார்க்க ஒட்டினாற்போலத்தானே தெரியும்? அந்தச் சண்டை முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

போன வாரம் காம்பார் பல்கலைக்கழகத்தில் என் அலுவலக அறையில் சிவாவோடு உட்கார்ந்திருந்தேன். உன்னோடு அந்தக் கட்டுரையை எழுதி வெளியிட்ட அதே சிவா. புலம் நேராக இருந்தால், உங்கள் கட்டுரை தப்பு என்று என் கையாலேயே எழுத வேண்டும்.

"அக்கா, நீங்களே திறங்க. நான் பாக்க மாட்டேன் லா," என்றான் சிவா.

தூசித் துகள்கள் காந்தப்புலத்துக்கு ஏற்ப வரிசைப்படுவதால், அவற்றின் ஒளியில் அதன் திசை தெரியும். திறந்தேன். எல்லாம் நேர்கோடு. நான் ஜெயித்துவிட்டேன், யாரிடம் போய்ச் சொல்ல?

"இருங்கக்கா, இது வெளி ஓரம். வாயு மெலிசா இருக்கு. உள்ள போய்ப் பாக்கலாம்."

வாயு அடர்ந்த நடுப்பகுதிக்குப் போனோம். அங்கே கோடுகள் ஒரு பக்கமாக அழுந்தி வளைந்திருந்தன. படத்தோடு வந்திருந்த வேக அளவீட்டில், இரண்டு மேகங்களின் வேகத்துக்கும் இடைப்பட்ட வேகத்தில் ஒரு வாயுப் பாலம் அவற்றை இணைத்திருந்தது. ஒன்றையொன்று தொடாத மேகங்களுக்கு நடுவே பாலம் ஏது? மோதல்தான், அக்கா. சிவா மேசையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. நசுங்கிய வாயு துண்டு துண்டாக உடைந்து சிறு நட்சத்திரங்களாகும் என்று எழுதியிருந்தாய். உடையவில்லை. மோதலில் இறுகி வலுத்த காந்தப்புலம் அதைச் சிதற விடாமல் தாங்கியிருக்கிறது. பெரிய பெரிய திரளாகச் சேர்ந்திருக்கிறது வாயு. அங்கே பிறக்கப் போவது பெரும் நட்சத்திரங்கள்.

சிவா குரலைத் தாழ்த்தினான். "அது தப்புன்னு எழுதாம விட்ரலாமா, அக்கா? அவங்கதான் இல்லையே."

"இருந்தா அவளே எழுதியிருப்பா, சிவா."

சாயங்காலம் ஈப்போ வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அவ சொன்னது சரியாடி?"

"பாதி சரிம்மா."

"பாதின்னா ஒத்துக்குவாளா அவ?" என்றாள்.

ஒத்துக்கொள்வாயா, அக்கா?

புதுக் கட்டுரையில் நீ கண்டதையும் எழுதுவேன், தவறவிட்டதையும் எழுதுவேன். எதிரே உட்கார்ந்து நீ மல்லுக்கு நிற்பதாக நினைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுவேன். செத்துப்போனவள் என்று சலுகை காட்ட மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி கலா