நீ முணுமுணுத்த பியானோ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அவளுடைய பியானோவும் ஆளுக்கொரு மூட்டுவலியோடு நன்றாகவே இருக்கிறோம், பியானோவுக்கு வலி இடது பெடலில். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் கழித்து அடுத்த மாதம் பன்னிரண்டு நாள் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மா உன் அறையை நாலு தடவை பெருக்கிவிட்டாள், கேட்டால் தூசி தானாக வருகிறது என்கிறாள். ஆனால் வருடம் முழுக்க இசைக்குழுவில் வாசித்துக் கை ஓய்ந்துவிட்டது, வயலினை எடுத்துவரப் போவதில்லை என்று போனில் சொன்னாயே, அதற்கு அவள் சரி ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, முந்தின நாள்தான் துவைத்த திரைச்சீலைகளைக் கழற்றி மறுபடி துவைத்தாள். வயலினைப் பற்றி உனக்கு ஒரு வரியும் எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால்தான் வீட்டில் எழுதாமல் இங்கே வேலை இடத்தில், பதினோராம் மாடிக்கு மேலே லிஃப்ட் மெஷின் அறையில் கருவிப்பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அது மூன்றாம் எண் லிஃப்ட் போகிறது என்று அர்த்தம்.

தும்மல்காரரை நினைவிருக்கிறதா? அந்த இசையமைப்பாளர் பெயரை நான் சொல்ல வாயெடுத்தால் தும்மல் மாதிரி வருகிறது என்று நீதான் அந்தப் பட்டத்தைக் கொடுத்தாய். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வயலினுக்கும் பியானோவுக்கும் அவர் எழுதி, உலகம் கையோடு மறந்துபோன அந்தச் சொனாட்டாவைப் பழைய புத்தகக் கடையில் மூட்டையோடு வாங்கிவந்து அம்மா உன்னிடம் கொடுத்தாள். பேர்பெற்றவர்களுக்கு வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இவருக்கு நாம்தான் என்றாள். ஊர் மறந்த பேர்வழிகளுக்கெல்லாம் அடைக்கலம் கொடுப்பது அவள் வழக்கம், என்னைக் கட்டிக்கொண்டதும் அந்தக் கணக்கில்தான். நீ வாசித்துப் பார்த்துவிட்டு, வயலின்காரி பாதி நேரம் சும்மா நிற்கிறாள், பியானோ அவளை விட்டுவிட்டு ஓடுகிறது, இதை மறந்ததற்குக் காரணம் இருக்கிறது என்றாய். அம்மா பியானோ மூடியைச் சாத்தினாள். பத்து நாளில் நீ விமானம் ஏறினாய். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் போனில் பேசுவது வெயில், மழை, சளி, இவ்வளவுதான். இருவரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால், நடுவில் நான் மத்தளம்.

நீ போனபின் அவள் அந்தச் சொனாட்டாவின் பியானோ பாதியைத் தினமும் சாயங்காலம் தனியாக வாசிக்கிறாள். எனக்கு இசைக்குறி படிக்கத் தெரியாது, முன்பெல்லாம் உன் வில் உயர்வதைப் பார்த்துத்தான் பக்கம் திருப்புவேன், இப்போது அவள் முகவாயைப் பார்த்துத் திருப்பித் திட்டு வாங்குகிறேன். மேல்மாடிப் பல் வைத்தியர் வயலின் எடுத்துவந்து ஒருநாள் அவளோடு சேர்ந்து வாசித்தார். தப்பே இல்லாமல் வாசித்தார் என்று அம்மா தேநீர் கொடுத்து அனுப்பினாள், மறுபடி கூப்பிடவில்லை. லிஃப்டுக்குப் பின்னால் எதிர்எடை என்று ஒன்று தொங்கும், பெட்டி ஏறினால் அது இறங்கும், பயணிகள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பெட்டி இல்லாமல் அது மட்டும் ஏறி இறங்குவதை மூன்று வருடமாக அம்மாவின் பியானோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். கடிகாரம் பார்ப்பது என் தொழில் புத்தி, அந்தப் பாட்டை வாசித்து முடிக்க அம்மாவுக்குச் சரியாகப் பத்தொன்பது நிமிடம் ஆகும்.

போன வாரம் உன் மேசை இழுப்பறையைத் துடைத்தபோது நீ விட்டுப்போன பழைய போன் கிடைத்தது. ஓடுகிறதா பார்ப்போம் என்று மின்னேற்றிப் பார்த்தேன், மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா. பெயரில்லாத ஒரு பதிவு இருந்தது, தேதி நீங்கள் சண்டை போட்டதற்கு மறுநாள். அடுத்தவர் பொருளைக் கேட்டது தப்புதான், திட்டுவதை நேரில் வந்து திட்டு. நீ தனியாக வயலின் வாசிக்கிறாய், திடீரென்று நின்றுபோகிறது. போன்தான் மக்கர் என்று தட்டினேன். பிறகுதான் உள்ளே மெல்லிய ஒரு முணுமுணுப்பு கேட்டது. வயலினுக்கு வேலையில்லாத இடத்தில் நீ எதையோ பாடிக்கொண்டு நிற்கிறாய். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள், ஆனால் மூன்று வருடம் கற்பூரக் கடையிலேயே கட்டிப்போட்டால் கழுதைக்கும் தெரிந்துவிடும் கண்ணு. அது அம்மாவின் பியானோ. காரணத்தோடு மறந்துபோனது என்று நீ சொன்ன பாட்டில், உன் பங்கை மட்டுமல்ல, அவள் பங்கையும் ஒன்றுவிடாமல் மனப்பாடம் பண்ணியிருந்தாய்.

மறுநாள் சாயங்காலம் அவள் உட்கார்ந்ததும் போனைப் பியானோ மேல் வைத்துப் போட்டுவிட்டேன். முதல் நிமிடத்திலேயே அவள் உன்னைத் தாண்டி ஓடிவிட்டாள், அணையுங்கள் என்று கோபித்தாள், நான் காது கேளாதவன் ஆனேன். அப்புறம் அந்த இடம் வந்தது, வயலின் நின்றது, நீ முணுமுணுத்தாய். அவள் கை அந்தரத்தில் அப்படியே இருந்தது. மெதுவாக இறக்கி, நீ பாடுவதற்கு அடியில் அதையே வாசித்தாள், உன் வேகத்தில். தொடர்ந்து நீ ஒரே ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, பியானோ படிப்படியாக ஏறுகிறதே, அது இவ்வளவு அழகு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கைதட்டல் வாங்குகிற இடம் அதில் ஒன்றுகூட இல்லை, ஒருவர் பேச ஒருவர் பொறுமையாகக் கேட்கிறார், அவ்வளவுதான். நான் பக்கம் திருப்ப மறந்தேன், அவளும் திட்ட மறந்தாள். முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ சொன்னது சரிதாங்க, நான்தான் ஓடியிருக்கேன்" என்றாள். இதை அவள் உன்னிடம் சொல்லமாட்டாள், நீயும் கேட்காதே. எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அதை மறைக்கத் தேநீர் போடப் போய்ச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன், ஆகவே அன்று கண்ணீருக்கு இருவருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே, கையில் எண்ணெய் தேய், இசைக்குழுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நிமிர்ந்து உட்கார். எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ்க. ஞாபகமாக ஒன்று: பயணத்தில் எடை கூடினால் எனக்கு வாங்கிய சட்டையை அங்கேயே விட்டுவிடு, வயலினை விடாதே. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, பழக்கதோஷத்தில் கையோடு வந்துவிட்டது என்று சொல். அவள் நம்பமாட்டாள், ஆனால் திரைச்சீலைகள் பிழைக்கும். அம்மாவுக்கு இப்போது அந்தப் பாட்டு இருபத்து மூன்று நிமிடம் ஆகிறது. கூடின நாலு நிமிடமும் உனக்காக நிற்கிற நேரம்.

இப்படிக்கு,
உன் வில் உயர்வதைப் பார்த்தால்தான் பக்கம் திருப்பத் தெரிந்த
அப்பா