ஓடைக்கரையில் இருபது வீடு

ஜவ்வாது மலை,
28-9-1983

பிரியமுள்ள மாமாவுக்கு செந்தாமரை எழுதிக்கொள்வது. பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. குடகில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்களா? சாமை முற்றிவிட்டது. அறுப்புக்கு ஆள் அனுப்புவதாகச் சின்னராசு அண்ணன் சொல்லியிருக்கிறார்.

சர்க்கார் கட்டும் காலனி வீடுகள் முடிந்துவிட்டன. இருபது வீடு, இரண்டு வரிசை. நமக்குப் பதினோராம் நம்பர். ஓடு, சிமெண்டுத் தரை, கொக்கி வைத்த கதவு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மாடு கட்ட இடமில்லை. இங்கே நம் பழைய வீட்டு வாசலில் நின்றால் எட்டு வீட்டு வாசல் தெரிகிறது. நான் காட்டுக்குப் போனாலும் பிள்ளைகள்மேல் யாராவது ஒரு கண் வைத்திருப்பார்கள். காலனியில் வீடுகளை முதுகும் முதுகுமாகக் கட்டி, சீட்டுக் குலுக்கி நம்பர் கொடுத்துவிட்டார்கள். இங்கே பக்கத்து வீட்டில் இருக்கிற பாஞ்சாலி அக்கா அங்கே ஒரு கோடி, நான் ஒரு கோடி. கூப்பிட்டால் கேட்காது.

அது போகப் போகப் பழகிவிடும். என் பயம் அதுவல்ல.

போன வாரம் ஒரு மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. மறுநாள் காலனியில் நம் வீட்டைப் பார்க்கப் போனேன். உள்ளே கணுக்கால் அளவு சேறு. சுவரில் என் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. மேஸ்திரி ஆட்கள் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, கோட்டின்மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். புரட்டாசி மழைக்கே இப்படி என்றால் ஐப்பசியில் என்ன ஆகும்?

ஓடைத் தண்ணீர் ஏறுகிற அந்த இடத்தில் ஏன் யாரும் விதைப்பதில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரி வந்து நிலம் கேட்டபோது, சாமைக் கொல்லையைக் கொடுக்க மனமில்லாமல் அதைக் காட்டினார்கள். ஏதோ ஆபீஸ் கொட்டகை போடப்போகிறார்கள் என்று நினைத்தார்கள். தண்ணீர் வருமா என்று அவர் கேட்டதற்கு, வராது என்று சொல்லி முதல் கல்லை நட்டவர் நீங்கள். நட்டவர் கைதான் அதைப் பிடுங்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதனால் அதிகாரியிடம் யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். சின்னராசு அண்ணனிடம் அழுதே கேட்டேன். "இன்னா பண்ணச் சொல்றம்மா? அவன் வெச்ச கல்லுல நான் எப்டி கை வெப்பேன்? அவனே வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஐப்பசி முதல் தேதி சாவி கொடுக்கிறார்களாம். அதற்குள் பழைய வீட்டுக் கூரையைப் பிரிக்காதவர்களுக்குச் சாவி இல்லையாம். ஆறு வீடு பிரித்தாகிவிட்டது. நான் இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் அம்மா தினமும் ஏசுகிறார்கள். கல்வீடு வருகிறது, இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். சுவரில் பார்த்த தண்ணீர்க் கோட்டைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை.

காலனிக்கு அஸ்திவார வானம் தோண்டிய மறுவாரமே நீங்கள் குடகுக்குப் புறப்பட்டீர்கள். கூலி அதிகம் என்று போயிருக்கிறார் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பிள்ளைகளிடமும் அதையே சொல்கிறேன்.

மாமா, எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். சந்தவாசல் வரை பஸ்ஸில் வந்துவிட்டால் மேலே நடந்து வந்துவிடலாம். வந்து அந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊர் உங்களைத் திட்டினால் நானும் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

வர முடியாதென்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பதினோராம் நம்பர் வீட்டில் பிள்ளைகளைப் படுக்க வை என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நீங்கள் எழுதினால் நான் படுக்க வைக்கிறேன்.

காளியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்
செந்தாமரை