உன்னைக் கேட்காமல் நான் சொன்ன 'இல்லை'

எனக்குத் தலை வாரிவிட்ட என் ரெபேக்காள் அக்காவுக்கு,

உன் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாலு பல் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மற்றதையும் சொல்லாமல் முடியாது போலிருக்கிறது.

அவன் பிறந்த பத்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். கீழே துணியில் படுவது நாறுகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருமேடி, டிஸ்பென்சரியில நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது." நான் வயதுக்கு வந்ததும் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அதற்குள் படித்த இங்கிலீஷை நம்பி நீ என்னோடு வந்தாய்.

வெள்ளைக்கார டாக்டரம்மா காய்ச்சல் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: கீழே ஏதாவது படுகிறதா, நாற்றம் உண்டா? எனக்கு நன்றாகப் புரிந்தது. பக்கத்தில் நம் தெருக் கம்பவுண்டர் சாமுவேல் அண்ணன் புட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் "நோ" என்றேன்.

"என்னடி கேட்டாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்கக்கா."

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்று சிரித்தாய்.

மர்பி டவுனில் நம் வீடு வந்து சேரும்வரை மருந்துப் புட்டியை மடியில் வைத்திருந்தாய். "அதுக்கும் சேர்த்துத்தானே குடுத்திருக்காங்க?" என்றாய். ஆமாம் என்றேன். ஆறாம் நாள் நீ இல்லை.

போன மாதம் என் பாவாடையிலும் வெள்ளை பட்டது. தண்டனை வந்துவிட்டது என்றே நினைத்தேன். துணியை ஒளித்து ஒளித்துத் துவைத்தேன். கடைசியில் தனியாகப் போனேன். அதே அறை, அதே அண்ணன். "அண்ணே, கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் புட்டியோடு போய்விட்டார்.

அவ்வளவுதான் அக்கா. அன்றைக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

டாக்டரம்மா என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். வாயில் எச்சில் ஊறுவதுபோல அதுவும் ஊறுமாம். மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைபோல வருவதும் நோய் இல்லையாம். நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அரிப்பு, அடிவயிற்று வலி, இவை இருந்தால் உடனே வர வேண்டுமாம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்றத்தோடு காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம்.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிழைத்திருப்பாயா என்று உனக்காவது தெரியுமா அக்கா?

வெளியே பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். "பாப்பா, இங்கிலீஷ் வருமா? எனக்கு வயித்து வலின்னு மட்டும் சொல்லிடு" என்றாள். அவள் காதருகே குனிந்து, "வயித்து வலி மட்டுந்தானாக்கா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் என் காதில் சொன்னாள். முதலில் சாமுவேல் அண்ணனை வெளியே இருக்கச் சொன்னேன். பிறகு அவளை உள்ளே கூட்டிப்போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இனி எவள் என்னை நம்பி வாய் திறந்தாலும் அவள் சொன்னதில் ஒன்றையும் விழுங்க மாட்டேன். உன் மகன் வளர்ந்து கேட்டால், அவனிடமும் விழுங்க மாட்டேன்.

உன் மகனுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
எஸ்தர்